குடிவந்த விண்டோஸ்

(மல்லசமுத்திரத்தில் மாணவர்களும் தறிக்காரர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு கொஞ்சம் நீளமானது: ஏஆர்எம் சில்லு உள்ள கணினியில் மெய்நிகர் இயந்திரம் வைத்து வேறொரு இயங்குதளத்தை ஓட்டுவது. பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்களோ என்று பயந்துகொண்டுதான் வந்தேன். அதனால் தலைப்பை ஓரமாக வைத்துவிட்டு ஒரு போன் அழைப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அழைத்தவர் இந்தப் பக்கத்துக்காரர், தறி ஓட்டுகிறவர். மகள் பொறியியல் படிக்கிறாள். மகளுக்கும் ஆகும், ஆபீஸ் கணக்குக்கும் ஆகும் என்று ஒரே மடிக்கணினியாகப் புதிதாக வாங்கியிருக்கிறார். மெலிசானது, சூடாவதில்லை, ஒருதரம் சார்ஜ் போட்டால் நாள் முழுக்க நிற்கிறது. அதுவரைக்கும் சந்தோஷம். "ஏனுங்கண்ணா, இதுல நம்ம கணக்கு புரோகிராம் ஏறவே மாட்டேங்குதுங்க. உள்ளுக்குள்ளயே தனியா ஒரு விண்டோஸ் போட்டுக்கலாம்னு கடைக்காரத் தம்பி சொன்னாப்ல. சரின்னு போட்டோம். கணக்கு ஏறிருச்சு. ஆனா கையெழுத்துப் போடற டோக்கனைச் சொருகினா, அது இருக்கறதாவே கண்டுக்க மாட்டேங்குதுங்க" என்றார். கம்பெனியாகப் பதிந்து நடத்துகிறவர் என்பதால் ஜிஎஸ்டி தாக்கல் செய்ய டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். அது பென்டிரைவ் மாதிரி ஒரு சின்ன யுஎஸ்பி டோக்கனில் இருக்கிறது.

கணக்கு ஏறுகிறது, டோக்கன் ஏறவில்லை. ஏன்? இன்றைக்கு நான் பேசப்போவது முழுவதும் இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

தறிக்காரர்கள் இருக்கும் சபையில் இதை விளக்குவது எனக்குச் சுலபம். ஜக்கார்டு பெட்டி எல்லோருக்கும் தெரியும். இளம்பிள்ளைப் பக்கம் போனால் சேலைத் தறிக்கு மேலே அட்டைகள் கோத்துத் தொங்கும். அட்டையில் ஓட்டை இருந்தால் ஒரு இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. 1804 வாக்கில் பிரான்ஸின் லியோன் நகரத்தில் ஜக்கார்டு என்பவர் கொண்டுவந்த ஏற்பாடு அது. கணினிக்கு அட்டையில் ஓட்டை போட்டுக் கட்டளை கொடுக்கலாம் என்ற யோசனையே பிற்பாடு தறியிலிருந்துதான் போனது. இப்போது சொல்லுங்கள், 120 கொக்கிப் பெட்டிக்கு அடித்த அட்டையை 240 கொக்கிப் பெட்டியில் மாட்டினால் என்ன ஆகும்? பூ வராது. அட்டையிலும் குற்றம் இல்லை, பெட்டியிலும் குற்றம் இல்லை. இரண்டும் வேறு வேறு கணக்கில் செய்யப்பட்டவை, அவ்வளவுதான்.

கணினிச் சில்லும் அப்படித்தான். ஒவ்வொரு வகைச் சில்லுக்கும் ஒரு கட்டளைத் தொகுப்பு உண்டு. "இந்த எண்ணைக் கூட்டு", "இதை அங்கே வை" என்ற அடிப்படைக் கட்டளைகளை எந்த வடிவத்தில் எழுத வேண்டும் என்ற கணக்கு அது. நாற்பது வருடமாக நம் மேஜைகளில் இருந்தவை பெரும்பாலும் இன்டெல் வகை. ஏஎம்டி சில்லும் அதே கணக்குதான். நம் சட்டைப் பையில் இருக்கும் செல்போன்கள் ஏஆர்எம் வகை. இந்த இரண்டாவது வகை இப்போது மடிக்கணினிக்குள்ளும் வந்துவிட்டது. நம்மவர் வாங்கியதும் அதுதான்.

இந்த ஏஆர்எம்முக்கு ஒரு பூர்வ கதை உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கதை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்று ஒரு சிறிய கணினிக் கம்பெனி. பிபிசிக்காகப் பள்ளிக்கூடக் கணினி செய்து பேர் வாங்கியவர்கள். அடுத்த கணினிக்குச் சந்தையில் கிடைத்த சில்லு எதுவும் பிடிக்காமல், 1983இல் தாங்களே ஒன்றைச் செய்ய உட்கார்ந்தார்கள். சோஃபி வில்சன் கட்டளைத் தொகுப்பை வகுத்தார். ஸ்டீவ் ஃபர்பர் அதற்குள் இருக்கும் அமைப்பை வரைந்தார். பீங்கான் உறைக்குக் காசு அதிகம் என்பதால், மலிவான பிளாஸ்டிக் உறையிலேயே உருகாமல் ஓடவேண்டும் என்று நினைத்தார்கள். அதற்குச் சில்லு சூடாகக்கூடாது, அதாவது மின்சாரம் குறைவாகச் சாப்பிட வேண்டும். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சில்லு வந்தது. சுமார் 25,000 டிரான்சிஸ்டர். மாட்டியவுடன் ஓடியது. எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று ஃபர்பர் மீட்டரை வைத்துப் பார்த்தால் சுழியம் காட்டியது. தேடிப் பார்த்ததில் சில்லுக்குப் போகவேண்டிய மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை என்று தெரிந்தது. பக்கத்துச் சில்லுகளிலிருந்து சிக்னல் கம்பிகள் வழியே கசிந்துவந்த மின்சாரத்திலேயே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது!

காசு மிச்சம் பிடிக்கப்போய்க் கிடைத்த இந்தச் சிக்கனம்தான் பிற்பாடு செல்போனுக்குப் பொருந்திப்போனது. 1990இல் ஏகார்ன், ஆப்பிள், விஎல்எஸ்ஐ என்ற மூன்று கம்பெனிகள் சேர்ந்து பன்னிரண்டு பொறியாளர்களோடு ஏஆர்எம்மைத் தனிக் கம்பெனி ஆக்கின. அந்தக் கம்பெனி சில்லுத் தொழிற்சாலை வைக்கவில்லை. இளம்பிள்ளையில் டிசைன் போட்டுக் கொடுப்பவர் தறி வைத்திருக்க வேண்டியதில்லையே? டிசைனுக்குக் காசு வாங்கிக்கொள்வார், நெய்வது வேறொருவர். ஏஆர்எம் செய்த வியாபாரமும் அதுதான். அதனால் அந்த டிசைனைக் குவால்காமும் வாங்கலாம், சாம்சங்கும் வாங்கலாம். ஸ்ரீபெரும்புதூரில் பூட்டப்படும் ஐபோனுக்குள் இருப்பதும் அந்தக் கட்டளைத் தொகுப்பில் ஓடும் சில்லுதான்.

இனி வேறு இயங்குதளத்தை ஓட்டும் விஷயம்.

இங்கே இருக்கும் இளைஞர்களில் சிலருக்கு அரசு கொடுத்த மடிக்கணினி ஞாபகம் இருக்கும். 2011இல் தொடங்கிய திட்டம். அதைத் திறந்தால் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். பாஸ் என்பது சென்னை சி-டாக்கில் உருவானது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் கேள்வியைப் படிக்காமலே விண்டோஸை அமுக்கிவிடுவார்கள், அது வேறு வருத்தம். அங்கே இருந்தது இரட்டை வாசல். ஒரு நேரத்தில் ஒரு வாசல்தான் திறக்கும். விண்டோஸில் இருக்கும்போது லினக்ஸ் தூங்கும். லினக்ஸுக்குப் போகவேண்டுமானால் எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

மெய்நிகர் இயந்திரம் அப்படியில்லை. அது வீட்டின் ஒரு பகுதியைக் குடித்தனத்துக்கு விடுவது. வீட்டுக்காரரும் உள்ளே இருப்பார், குடிவந்தவரும் இருப்பார், இரண்டு அடுப்பும் ஒரே நேரத்தில் எரியும். குடிவந்த இயங்குதளத்துக்குத் தான் குடியிருப்பது என்று தெரியாது. முழுக் கணினியும் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். அந்த நினைப்பைக் கலையாமல் காப்பாற்றும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர்.

இந்தப் பொய்யை எப்படிக் காப்பாற்றுகிறது? இதில் ஒரு பகுதியை மட்டும் சொல்கிறேன். நம் ஊர்களில் கதவுகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எழுதியிருப்பார்கள். குடிவந்த விண்டோஸ், "நினைவகத்தில் 100ஆம் வீட்டில் இதை வை" என்று சொல்லும். அது அவருடைய எண். உண்மையான எண் 7,340 ஆக இருக்கலாம். விண்டோஸ் தனக்குள் ஒரு அட்டவணை வைத்து மென்பொருளின் எண்ணைத் தன் எண்ணாக மாற்றும். ஹைப்பர்வைசர் இன்னொரு அட்டவணை வைத்து அந்த எண்ணை மெய்யான எண்ணாக மாற்றும். இரண்டு மாற்றத்தையும் சில்லே செய்துகொள்ளும், ஒவ்வொரு முறையும் மென்பொருள் எழுந்துவர வேண்டியதில்லை. ஏஆர்எம் சில்லில் அதிகாரம் நான்கு படியாக இருக்கிறது. கீழ்ப்படியில் நாம் பயன்படுத்தும் மென்பொருள்கள், அதற்கு மேல் இயங்குதளம், அதற்கு மேல் ஹைப்பர்வைசர், உச்சியில் பாதுகாப்புக்கான ஒரு காவல். குடிவந்தவர் தனக்கு உரிமை இல்லாத ஒரு சுவிட்சைத் தொட்டால், வேலை அப்படியே நின்று மேல்படிக்குப் போகும். ஹைப்பர்வைசர் பார்த்து, வேண்டியதைச் செய்துகொடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பும். தொட்டவருக்கு நடந்ததே தெரியாது.

இந்த யோசனை புதிதில்லை. ஐபிஎம் 1960களிலேயே பெரிய கணினியைப் பங்குபோட்டுப் பலருக்குக் கொடுக்க இப்படிச் செய்தது. செய்த இடத்தின் பெயரும் கேம்பிரிட்ஜ்தான். ஆனால் அது அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் இருக்கும் கேம்பிரிட்ஜ். சில்லு ஒரு கேம்பிரிட்ஜில் பிறந்தது, குடித்தன முறை இன்னொரு கேம்பிரிட்ஜில் பிறந்தது. 1974இல் போப்பெக், கோல்ட்பர்க் என்ற இருவர், ஒரு சில்லில் குடிவைக்க முடியுமா முடியாதா என்பதற்கு இலக்கணமே எழுதிவிட்டார்கள். உரிமை இல்லாத சுவிட்சைத் தொட்டால் சில்லு கட்டாயம் மேலே புகார் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். இன்டெல் சில்லும் ஆரம்பத்தில் அந்தப் பரீட்சையில் தேறவில்லை, ஏஆர்எம்மும் தேறவில்லை. சில கட்டளைகள் புகார் செய்யாமல் சத்தமில்லாமல் வேறு மாதிரி நடந்துகொண்டன. ஏஆர்எம் 2010இல்தான் குடிவைப்பதற்கான வசதியை டிசைனிலேயே சேர்த்தது. லினக்ஸுக்குள் அந்த வசதியைப் பயன்படுத்தும் நிரல் 2013இல் சேர்ந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செய்த வேலை அது.

இப்போது நம்மவரின் சிக்கலுக்குக் கிட்டே வந்துவிட்டோம். குடித்தனத்தில் ஒரு நிபந்தனை உண்டு. குடிவருபவரும் வீட்டுக்காரரும் ஒரே பாஷை பேச வேண்டும். ஹைப்பர்வைசர் இடத்தைப் பிரித்துக் கொடுக்குமே தவிர மொழிபெயர்த்துக் கொடுக்காது. குடிவந்த இயங்குதளத்தின் கட்டளைகள் நேராகச் சில்லில்தான் ஓடுகின்றன, அதனால்தான் வேகமும் கிடைக்கிறது. ஆகவே ஏஆர்எம் வீட்டில் குடிவைக்க ஏஆர்எம் விண்டோஸ்தான் வேண்டும், ஏஆர்எம் லினக்ஸ்தான் வேண்டும்.

எனக்கே இது பட்டுத்தான் தெரிந்தது. பழைய ஆபீஸ் கணினியின் வன்தட்டை அப்படியே ஒரு கோப்பாக எடுத்துவைத்திருந்தேன். விடிய விடிய நகல் எடுத்து, புது ஏஆர்எம் மடிக்கணினியில் மெய்நிகர் இயந்திரமாகத் திறக்கப் பார்த்தேன். திறக்கவே இல்லை. 120 கொக்கி அட்டையை 240 கொக்கிப் பெட்டியில் மாட்டினேன் பாருங்கள்! விடாப்பிடியாக, சில்லையே நடித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றை வைத்துத் திறந்தேன். கியூஇமு என்று பெயர், 2003இல் ஃபாப்ரீஸ் பெல்லார்டு என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது, இலவசம். அது திறந்தது. விண்டோஸ் படம் வருவதற்குள் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து ஓட்டினால் அந்த வேகம்தான் வரும். பழைய கோப்பு ஒன்றை எடுத்துப் பார்க்க அது போதும், தினசரி வேலைக்கு ஆகாது.

அப்படியானால் நம்மவரின் கணக்கு மென்பொருள் எப்படி ஏறியது? அது இன்டெல் சில்லுக்கு எழுதினதுதானே? இங்கேதான் இரண்டு வேறு விஷயங்களை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். குடித்தனம் ஹைப்பர்வைசர் செய்வது. மொழிபெயர்ப்பு, குடிவந்த விண்டோஸ் தனக்குள் செய்துகொள்வது.

மைக்ரோசாஃப்ட் 2012இலேயே ஏஆர்எம்மில் விண்டோஸ் கொண்டுவந்தது, விண்டோஸ் ஆர்டி என்று. பழைய மென்பொருள் எதுவும் அதில் ஓடாது. ஜனங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடி வாங்கியபின் 2017இல் வந்த ஏஆர்எம் விண்டோஸ் 10க்குள் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்காரவைத்தார்கள், 32 பிட் மென்பொருளுக்கு மட்டும். 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது 64 பிட்டுக்கும் வந்தது. 2024இல் பிரிஸம் என்ற பெயரில் அதையே வேகப்படுத்தினார்கள். இதற்கிடையில் ஆப்பிள் 2020 நவம்பரில் எம்1 சில்லோடு ஏஆர்எம்முக்கு மாறியது. முன்பு ஆப்பிளின் மேக் கணினியில் இரட்டை வாசல் வைத்து விண்டோஸ் போட்டுக்கொள்ள வழி இருந்தது. புதுச் சில்லில் அந்த வாசல் அடைபட்டது. அதனால்தான் குடித்தனம் ஒன்றே வழி என்று ஆனது. அதற்கும் மைக்ரோசாஃப்டின் முறையான ஒப்புதல், பேரலல்ஸ் என்ற மென்பொருள் வழியே, 2023 பிப்ரவரியில்தான் வந்தது. அதுவரை பலர் ஓட்டிக்கொண்டிருந்தது அரைகுறை அனுமதியோடுதான். விஎம்வேர் ஃப்யூஷனும் ஏஆர்எம் மேக்கில் ஓடும், அது இப்போது இலவசம். யுடிஎம் என்று இன்னொன்று, அதுவும் இலவசம், உள்ளே இருப்பது நான் சொன்ன கியூஇமுதான்.

மொழிபெயர்ப்பில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு, மாணவர்களுக்காகச் சொல்கிறேன். பருத்தி ஏலத்தில் "பணம் கட்டியாச்சு" என்ற குறிப்பு முதலில் எழுதி, பிறகுதான் "மூட்டையைத் தூக்கலாம்" என்ற குறிப்பு எழுதுவார்கள். இன்டெல் வகைச் சில்லுக்குள் இருக்கும் பல மூளைகளில் (கோர்களில்) ஒன்று இந்த இரண்டையும் எழுதினால், பக்கத்து மூளைகள் அதே வரிசையில்தான் பார்க்கும். ஏஆர்எம்மில் வரிசையைக் காப்பாற்றச் சொல்லித் தனியாகக் கேட்டால்தான் உண்டு. கேட்காவிட்டால் மூட்டைச் சீட்டு முன்னால் தெரிந்துவிடலாம். பணம் வராமலே மூட்டை வண்டி ஏறிவிடும். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரியிலும் வரிசை வரிசை என்று கத்திக்கொண்டிருந்தால் வேகம் போய்விடும். ஆப்பிள் தன் சில்லுக்குள்ளேயே இன்டெல் வரிசையைப் பின்பற்றும் ஒரு சுவிட்சை வைத்தது. அவர்களுடைய ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்பாளர் வேகமாக ஓடுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்த மொழிபெயர்ப்பாளரையும் நிரந்தரம் என்று நினைக்காதீர்கள். 2006இல் வந்த முதல் ரொசெட்டாவை 2011இல் எடுத்துவிட்டார்கள். இப்போதைய ரொசெட்டாவையும் மேக்ஓஎஸ் 27க்குப் பிறகு, சில பழைய விளையாட்டுகளுக்காகத் தவிர, எடுத்துவிடப்போவதாக 2025இல் அறிவித்துவிட்டார்கள்.

இனி டோக்கன். ஒரு பொருளைக் கணினியில் சொருகினால், அதோடு பேசுவதற்கு டிரைவர் என்று ஒரு சின்ன நிரல் வேண்டும். அது சாதாரண மென்பொருள் மாதிரி கீழ்ப்படியில் நிற்பதில்லை, இயங்குதளத்தின் படியிலேயே ஏறி, அதன் வயிற்றுக்குள்ளேயே ஓடுகிறது. மொழிபெயர்ப்பாளர் வேலை செய்வது கீழ்ப்படியில் மட்டும்தான். விண்டோஸும் அப்படி, ரொசெட்டாவும் அப்படி. ஆகவே கணக்கு மென்பொருள் மொழிபெயர்ப்பில் பிழைத்துக்கொண்டது. டோக்கனின் டிரைவர் இன்டெல் சில்லுக்கு மட்டும் எழுதப்பட்டிருந்ததால் பிழைக்கவில்லை. டோக்கன் செய்தவரே ஏஆர்எம்முக்கு டிரைவர் எழுதித் தந்தால்தான் உண்டு. கடைக்காரத் தம்பி தலைகீழாக நின்றாலும் நடக்காது. பழைய ரசீது பிரின்டர், பழைய மென்பொருளோடு வரும் பூட்டுச் சாவி டாங்கிள், கைரேகைக் கருவி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இதைக் கேட்டு ஏஆர்எம் வேண்டாம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவருடைய மகளுக்கு அந்தக் கணினி தங்கம். ஏஆர்எம் லினக்ஸைக் குடிவைத்துப் படிக்கிறாள், மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை, சொந்த வேகத்தில் ஓடுகிறது. கெடுத்துக்கொண்டால் அழித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் இன்னொன்று. மடிக்கணினி வாங்க முடியாத பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி: 2025இல் கூகுள் தன் பிக்ஸல் செல்போன்களிலேயே டெபியன் லினக்ஸைக் குடிவைத்துக் கொடுத்திருக்கிறது. செல்போனுக்குள் முழு லினக்ஸ், அதுவும் முறையான மெய்நிகர் இயந்திரமாக! மற்ற போன்களுக்கும் அது பரவட்டும் என்று காத்திருக்கிறேன்.

வாங்கப்போகிறவர்களுக்கு இரண்டே வார்த்தை. குடிவைத்தால் நினைவகத்தையும் பங்குபோட வேண்டும். 8 ஜிபியில் வீட்டுக்காரரும் மூச்சுவிட முடியாது, குடிவந்தவரும் மூச்சுவிட முடியாது. 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள், பின்னால் சேர்க்க முடியாத மாதிரிதான் பல மடிக்கணினிகள் வருகின்றன. இன்னொன்று, கடைக்குப் போகும்போது டோக்கனையும் டாங்கிளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். விலை கேட்பதற்கு முன்னால் சொருகிக் காட்டச் சொல்லுங்கள்.

நம்மவர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். தூக்கிப்போட வைத்திருந்த பழைய கணினியைத் துடைத்து, தறிக்கொட்டகை ஆபீஸ் மூலையில் மறுபடி வைத்துவிட்டார். மேலே எப்போதும் பஞ்சுத்தூசி படிந்திருக்கும். மாதம் 20ஆம் தேதிக்கு முன்னால் ஒருநாள் அதைப் போட்டு, டோக்கனைச் சொருகிக் கையெழுத்திட்டுவிட்டு அணைத்துவிடுகிறார்.